அப்பா வண்டியை எப்போது விட வேண்டும்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அப்பாவுக்கு 74 வயது. திருச்சியில் அவரும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். காரும் ஓட்டுகிறார், ஸ்கூட்டரும் ஓட்டுகிறார். இரண்டு மாதத்துக்குள் காரின் இடது பக்கம் வீட்டு கேட் தூணில் இரண்டு தடவை உரசியிருக்கிறது. நீங்கள் பெங்களூரில் வேலையில் இருக்கிறீர்கள். போனில் பேச்செடுத்தால் "எனக்குத் தெரியாதாம்மா" என்று முடித்துவிடுகிறார். எந்த வயதில் நிறுத்த வேண்டும், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "அவராகவே நிறுத்தினால் நன்றாக இருக்கும்" என்று, நீங்கள் நிஜமாகக் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். வயதானவர்கள் அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்கிறார்கள், பிள்ளைகளால் அதில் என்ன செய்ய முடியும். அதற்குத்தான் எழுதுகிறேன்.

நான் முதியோர் மருத்துவம் பார்க்கிறவன், இருபத்திரண்டு வருடமாக. அறுபத்தைந்தைத் தாண்டிய யார் உள்ளே வந்தாலும், பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் "எதில் வந்தீங்க?" என்று கேட்பேன். போன தடவை தனியாக ஸ்கூட்டரில் வந்தவர் இந்தத் தடவை மகனுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அவராகச் சொல்ல மாட்டார். "அவனும் இந்தப் பக்கம் வர்றேன்னான், அதான்" என்பார். உங்கள் அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் அவர் ஓட்டலாமா கூடாதா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. நேரில் பார்த்தாலும், அறைக்குள் செய்கிற எந்த ஒரு பரிசோதனையும் ரோட்டில் அவர் எப்படி ஓட்டுவார் என்பதை முழுதாகச் சொல்லிவிடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பிள்ளைகள் "டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிட்டா நிறுத்திடுவார்" என்ற நம்பிக்கையில் வருகிறார்கள்.

வயதைப் பற்றி முதலில். நம் நாட்டில் சொந்த வண்டி ஓட்டுவதற்கு மேல் வயது வரம்பு என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 55 வயதைக் கடந்தவர்களுக்கு லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்று வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிற ஆட்களில் நானும் ஒருவன். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, காது கேட்கிறதா, கை கால் சரியாக இருக்கிறதா என்றுதான் அதில் வரும். ஞாபக சக்தியைப் பற்றியோ, சட்டென்று முடிவெடுக்கும் திறனைப் பற்றியோ தனியாகக் கேள்வி இல்லை. அதனால் லைசென்ஸ் புதுப்பித்துவிட்டார் என்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். வயதை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம். 82 வயதில் நிதானமாக ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், 61 வயதில் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய விஷயம் வயது இல்லை, அந்த இடது பக்கம். இரண்டு தடவையும் ஒரே பக்கம், ஒரே தூண். கேட் குறுகலாக இருந்தால் அதனாலேயே நடக்கலாம், ஓட்டுகிறவருக்கு இடது ஓரம்தான் எட்ட இருக்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானத்தால் தலையைத் திருப்ப முடியாமலும் இருக்கலாம். ஆனால் கண் நீர் அழுத்த நோயில், கிளாக்கோமா என்கிறோமே, அதில் பார்வையின் ஓரங்கள் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும். நேராகப் பார்ப்பது தெளிவாக இருப்பதால் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார். தெரியாத இடம் கறுப்பாகத் தெரியாது, மூளை அதை எதையாவது வைத்து நிரப்பிவிடும். சிறிய பக்கவாதம் ஒன்று வந்து போனவர்களுக்கும் ஒரு பக்கப் பார்வை குறைந்திருக்கலாம், அவர்களுக்கே தெரியாமல். ஆகவே முதல் வேலையாகக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போய், ஓரங்கள் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கிற பார்வைப் பரப்புச் சோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். "கண்ணாடி பவர் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னால் பவர் மட்டும்தான் பார்ப்பார்கள். கேட்டில் உரசியதைச் சொல்லுங்கள்.

சரி, அவர்களாக எப்படி முடிவெடுக்கிறார்கள்? ஒரே நாளில் யாரும் எடுப்பதில்லை. துண்டு துண்டாக விடுகிறார்கள். முதலில் போவது பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேரும். அதோடு எதிரில் ஒருவன் ஹை பீம் போட்டு வந்தால் கண் கூசி, மறுபடி ரோடு தெரிய இளைஞர்களைவிட அதிக நேரம் எடுக்கும். அதனால் "ராத்திரிக் கல்யாணத்துக்கெல்லாம் இனி வேணாம், காலையில முகூர்த்தத்துக்குப் போயிடலாம்" என்பார்கள். அப்புறம் பைபாஸ். அப்புறம் மழை. அப்புறம் கடைவீதி. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன், வலது பக்கம் திரும்புவதைத் தவிர்ப்பார்கள். எதிரில் வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணித்து, அதைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டிய திருப்பம் அது. வயதானவர்களின் விபத்துகள் சந்திப்புகளில்தான் அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. அதனால் நேராகப் போய், தள்ளி எங்கேயாவது சுற்றிக்கொண்டு வருவார்கள். வீட்டில் கேட்டால் "அந்தப் பக்கம் டிராஃபிக்" என்பார்கள்.

இதையெல்லாம் குறையாக நினைக்காதீர்கள். தன்னைத் தானே அளந்துகொள்கிற ஒருவர் செய்கிற வேலை இது. கடைசித் துண்டு விழுவதும் பெரிய சம்பவத்தால் நடப்பது குறைவு. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் வருவார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு குழந்தை சைக்கிளோடு குறுக்கே வந்திருக்கிறது. பிரேக் பிடித்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குழந்தையை அவர் வலது பக்கம் பார்த்த நேரத்துக்கும் கால் பிரேக்கில் போன நேரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது என்று சொன்னார். "வேற யாருக்கும் தெரியாது டாக்டர், எனக்குத் தெரிஞ்சுது." வீட்டில் எதுவும் சொல்லவில்லை. காரை எடுக்காமல் விட்டார். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆறு வாரம். ஒரு நாள் மகள் ஸ்டார்ட் செய்தபோது பேட்டரி இறங்கிக் கிடந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு "வேணாம், யாராவது கேட்டா குடுத்துடு" என்றாராம். அந்த வீட்டில் முடிவு அறிவிக்கப்பட்ட விதம் அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், என் வீட்டில் நடந்தது. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 73 வயதில் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டுச் சுவரில் இடித்தார். அடுத்த வாரமே நான் பேசி காரை விற்க வைத்தேன். டாக்டர் பிள்ளை சொல்கிறான் என்று எதிர்த்துப் பேசவில்லை. ஸ்கூட்டரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கோயிலுக்கும் காய்கறிக்கும்தானே, பக்கத்தில்தானே என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் கழித்து, தெருமுனையில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்த இடத்தில் ஒரு லாரிக்கு வழிவிட நிறுத்தி இடது காலை ஊன்றியிருக்கிறார். செருப்பு மணலில் வழுக்கியது. வண்டி அவர்மேல் சாய்ந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டிகூட இல்லை அது, நின்ற வண்டி. இடுப்பெலும்பு உடைந்து, அறுவைச் சிகிச்சை செய்து, வாக்கர் பிடித்து நடக்கவே ஐந்து மாதம் ஆனது. கார் இருந்திருந்தால் அந்த லாரிக்கு அவர் உள்ளே உட்கார்ந்தபடியே வழிவிட்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்க் குடும்பங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தத் தப்பைத்தான் செய்கின்றன. காரைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஸ்கூட்டரைக் கண்டுகொள்வதில்லை. சாதாரண கியர் இல்லாத ஸ்கூட்டரே நூறு கிலோவைத் தொடும், பல வண்டிகள் அதைத் தாண்டும். நிற்கும்போது அது சாயாமல் பெரும்பாலும் ஒற்றைக் கால்தான் பிடித்து நிறுத்துகிறது. எழுபதைத் தாண்டியவரின் தொடைத் தசைக்கும் எலும்புக்கும் அது பெரிய பாரம். வயதானவர்கள் விபத்தில் அதிகம் இறப்பதற்கு அவர்கள் மோசமாக ஓட்டுவது முக்கியக் காரணம் இல்லை, அதே அடியை அவர்கள் உடம்பு தாங்குவதில்லை என்பதுதான் பெரிய காரணம். தப்பு நடந்தால் கார் அடுத்தவருக்கு அதிக ஆபத்து, ஸ்கூட்டர் அவருக்கே அதிக ஆபத்து. இரண்டையும் எடைபோட்டுத்தான் நான் இப்போது சொல்கிறேன்: பார்வையும் ஞாபகமும் சரியாக இருந்தால் முதலில் ஸ்கூட்டரை விடட்டும், பகலில் தெரிந்த வழியில் கார் இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும். இது என் அனுபவத்தில் வந்த கருத்து, ஆராய்ச்சி நிரூபித்தது என்று சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் வந்திருக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் கார் மட்டுமே ஓட்டுகிற நாடுகளில் செய்தவை. ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து வருகிற அம்மாவை அந்தக் கணக்குகள் பார்த்ததில்லை.

நிறுத்துவதற்கு முன்னால் சரிசெய்யக்கூடியவை என்னென்ன என்று பார்ப்பது இன்னும் முக்கியம். கண்புரை என்றால் அறுவை செய்துகொண்டாலே பாதிப் பிரச்சினை தீரலாம். அமெரிக்காவின் அலபாமாவில் செய்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு நடந்த விபத்துகள், செய்துகொள்ளாதவர்களுக்கு நடந்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தன. மாத்திரைகளை ஒரு பையில் போட்டு மொத்தமாக டாக்டரிடம் எடுத்துப் போங்கள். தூக்கத்துக்கென்று வருடக்கணக்கில் போடுகிற அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை மறுநாள் காலையிலும் ஆளை மந்தமாக வைத்திருக்கும். கடையில் கேட்டு வாங்குகிற சளி மாத்திரைகள் பலவும் அப்படித்தான். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போடுகிறவர் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு வண்டி எடுத்தால், நடு ரோட்டில் சர்க்கரை இறங்கிப் பார்வை மங்கி, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் போகலாம். மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகு பழையபடி நன்றாக ஓட்டியவர்கள் உண்டு. அவர்களிடம் சாவியைப் பிடுங்கியிருந்தால் அது அநியாயம்.

உறுதியாகத் தெரிந்ததையும் சந்தேகத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களிடம் மனச்சோர்வு அதிகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நிறுத்தியதால் சோர்வா, ஏற்கனவே உடம்பு முடியாமல் போனதால் நிறுத்தினார்களா என்பதை முழுதாகப் பிரிக்க முடியவில்லை. ஆனால் வெளியே போவதே நின்றுபோனவர்கள் சீக்கிரம் ஒடுங்கிவிடுகிறார்கள் என்பதை என் கண்ணால் பார்க்கிறேன். வயது வந்துவிட்டது என்று எல்லாரையும் ஒட்டுமொத்தமாகச் சோதித்தால் ரோடு பாதுகாப்பாகிவிடுமா? டென்மார்க்கில் 2006-இல் முதியவர்களின் லைசென்ஸுக்கு ஞாபகசக்திச் சோதனை கொண்டுவந்தார்கள். பிறகு பார்த்தால் காரில் போன முதியவர்களின் சாவு குறையவில்லை, நடந்தும் சைக்கிளிலும் போன முதியவர்களின் சாவு கூடியிருந்தது. காரை விட்டவர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். ஜப்பானில் 75 வயதுக்கு மேல் 2009-இலிருந்து இப்படி ஒரு சோதனை இருக்கிறது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் ஒரு தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. நாடே கலங்கிப்போய் அந்த ஒரு வருடத்தில் சுமார் ஆறு லட்சம் பேர் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு அங்கே ஒரு சான்று அட்டை உண்டு, அடையாள அட்டையாகச் செல்லும், பல ஊர்களில் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் சலுகை கிடைக்கும். லைசென்ஸை வாங்கிக்கொள்ளும்போதே கையில் வேறு ஒன்றைக் கொடுக்கிறார்கள். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் வீட்டில் நீங்கள் கொடுக்க வேண்டிய அந்த வேறொன்று என்ன? அப்பா வண்டியை எதற்கெல்லாம் எடுக்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் சொன்ன அந்த மின்வாரியப் பொறியாளர் காரை விட்ட பிறகு ஒரு மாதம், கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்றன்றைக்கு எங்கே போனோம், எங்கே போக நினைத்துப் போகவில்லை என்று எழுதிவைத்தார். என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "வியாழன், சீனிவாசன் வீடு, போகலை" என்று ஒரு தாள். இப்படி "போகலை" என்ற தாள்கள் ஏழெட்டு இருந்தன. அந்தத் தாள்கள்தான் பார்க்க வேண்டியவை. மருந்துக் கடையும் மளிகையும் வீட்டுக்கே வந்துவிடும், நண்பர் வீடு வராது. காருக்கு வருடத்துக்கு ஆகிற இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டி மாதக் கணக்காக்கி, அந்தப் பணத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஆட்டோவுக்கென்று போட்டுவைத்தார். "ஆட்டோவுக்கு எம்பது ரூபாயா" என்று மனசு கணக்குப் போடுகிற தலைமுறை அது. டப்பாவிலிருந்து எடுக்கும்போது அந்த உறுத்தல் இல்லை. ஸ்டாண்டில் ஒரே ஒரு தெரிந்த ஆட்டோக்காரரின் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தார்கள். மொபைல் ஆப்பைவிட அதுதான் அவருக்கு வேலை செய்தது.

இதையெல்லாம் ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஆரம்பிக்காதீர்கள். இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வாரத்துக்கு இரண்டு நாள் ஆட்டோவில் போய்ப் பழகட்டும். அம்மாவையும் கேளுங்கள். இந்த மாதிரிக் கேள்விகளில் அம்மாக்கள் வருவதே இல்லை, ஆனால் இடது சீட்டில் தினமும் உட்கார்ந்து வருகிறவர் அவர்தான். "வண்டி வருது, வண்டி வருது", "சிகப்பு விழுந்துருச்சு" என்று அவர் சொல்லிச் சொல்லித்தான் அப்பா ஓட்டுகிறார் என்றால் அது எனக்குக் கேட் தூணைவிடப் பெரிய அறிகுறி. அவர் அதை உங்களிடம் மறைக்கவும் கூடும். அப்பா நிறுத்தினால் அம்மாவின் கோயிலும் தங்கை வீடும் சேர்ந்து நின்றுபோகும். 2021-இலிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் டிக்கெட் இல்லை. அம்மாவுக்கு முட்டி ஒத்துழைத்தால், அப்பாவுக்கு முன்னால் அவர் பஸ்ஸில் ஏறப் பழகிவிடலாம். சில வீடுகளில் அம்மா போக ஆரம்பித்த பிறகு அப்பாவும் கூடவே போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குப் போகும்போது சாவியைத் தேடாதீர்கள். "எனக்கு மலைக்கோட்டைப் பக்கம் ஒரு வேலை இருக்குப்பா, கூட்டிட்டுப் போங்க" என்று இடது சீட்டில் உட்காருங்கள். பேசாமல் வாருங்கள், குறை சொல்லாதீர்கள். தெரிந்த வழியில் குழம்புகிறாரா, லேனில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட்டுகிறாரா, பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் கால் தடுமாறுகிறதா, பின்னால் ஹாரன் அடிப்பதை அவர் கவனிக்கவே இல்லையா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து, காபி குடித்த பிறகு, "நிறுத்துங்க" என்று சொல்லாமல் "உங்களுக்கு இப்ப எது ஓட்டறது கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். ஏற்கனவே விட்டுவிட்ட துண்டுகளைப் பற்றி அவரே சொல்ல ஆரம்பிப்பார். அடுத்த துண்டு எது என்பதையும் அவரே சொல்லட்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மறதி நோய் தொடங்கியிருந்தால் தன்னை அளந்துகொள்ளும் திறனே கெட்டுப்போயிருக்கலாம். "நான் நல்லாத்தான் ஓட்டுறேன்" என்று அவர் மனமார நம்பிச் சொல்வார். வீட்டுக்கு வருகிற வழி தவறியிருந்தால், ஒரே கேள்வியை அரைமணிக்குள் திரும்பக் கேட்கிறார் என்றால், வலிப்பு வந்திருந்தால், காரணம் தெரியாமல் மயங்கி விழுந்திருந்தால், டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வண்டி வேண்டாம். அப்போது சாவியை எடுத்து வைக்கலாம், காரை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவரைப் பேசிச் சம்மதிக்க வைக்கப் பார்த்தால் தினமும் சண்டைதான் மிஞ்சும், நேற்றுச் சம்மதித்தது இன்றைக்கு ஞாபகம் இருக்காது.

நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. அதனால் கண் சோதனையில் ஆரம்பியுங்கள், மாத்திரைப் பையைக் காட்டுங்கள், ஸ்கூட்டரைப் பற்றி முதலில் பேசுங்கள். அவருடைய லைசென்ஸ் எந்த மாதம் முடிகிறது என்று கார்டை எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்க வேண்டிய அந்த மாதம் இந்தப் பேச்சுக்கு நல்ல சமயம், ஏனென்றால் அப்போது கேள்வி கேட்பது மகளாக இருக்காது, படிவமாக இருக்கும். கண் டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், அந்த ரிப்போர்ட்டை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.